பழைய சரக்கு வண்டிக்கு மின்சாரம்: செலவும் கணக்கும்

(பொறியியல் மாணவர்களுக்கும் போக்குவரத்துத் துறை அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் வாசகம்)

டெல்லி ஆசாத்பூர் மண்டியிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கான சிறு சரக்கு வண்டிகள் காய்கறியும் பழமும் ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. இவற்றில் பலவற்றுக்கு ஓட்டுநரே உரிமையாளர். அவருடைய முதலீடும் வருமானமும் அந்த ஒரு வண்டிதான். வண்டி நிற்கும் நாளில் குடும்பத்தின் வருமானமும் நின்றுவிடுகிறது. அத்தகைய ஒருவரிடம் அவருடைய டீசல் வண்டி பழையதாகிவிட்டது, இனி அது சாலையில் ஓடக் கூடாது என்று சொல்லும்போது, அது காற்று மாசைப் பற்றிய பேச்சாக மட்டும் இருப்பதில்லை. அவருடைய பிழைப்பைப் பற்றிய பேச்சாகவும் ஆகிவிடுகிறது.

டெல்லியிலும் அதனைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியிலும் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும் 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கட்டுப்பாட்டை 2018-ம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள்மீது கட்டாய நடவடிக்கை எடுக்கக் கூடாது என அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பாரத் நிலை 4-க்கும் அதற்கு மேற்பட்ட நிலைகளுக்கும் உரிய வண்டிகளுக்கு மட்டுமே என வரையறுத்தது. ஆகவே மிகப் பழைய டீசல் வண்டிகளின் உரிமையாளர்களுக்குப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை.

அவர்கள் முன் உள்ள வழிகள் மூன்று. வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டுக் கடன் பட்டுப் புதிய வண்டி வாங்கலாம். கட்டுப்பாடு இல்லாத வேறொரு மாவட்டத்துக்கு அதனை விற்றுவிடலாம். அப்போது புகை இடம் மாறுமே தவிர ஒழியாது. மூன்றாவது வழி, வண்டியின் சட்டமும் சக்கரங்களும் சரக்குப் பெட்டியும் அப்படியே இருக்க, டீசல் என்ஜினை மட்டும் எடுத்துவிட்டு மின் மோட்டாரையும் பாட்டரியையும் பொருத்துவது. டெல்லி அரசும் 2021-ம் ஆண்டு நவம்பரில் பழைய டீசல் வண்டிகளை இவ்வாறு மாற்றுவதற்கு வழி திறப்பதாக அறிவித்தது. இந்த மூன்றாவது வழி குறைந்த செலவில் கைகூடுமா என்பதே இந்த உரையின் பொருள்.

முன்னோர் அனுபவம்

மின்சாரச் சரக்கு வண்டி புதுமையான பொருளன்று. பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல்லாயிரம் மின்சார வண்டிகள் வீடு வீடாகப் பால் வழங்கி வந்தன. அவற்றில் இருந்தவை கனமான ஈய-அமில பாட்டரிகள்தாம். வேகமும் மிகக் குறைவு. எனினும் அவை பல ஆண்டுகள் இலாபகரமாக இயங்கின. வழித்தடம் மாறாதது, தூரம் குறைவு, நூறு இடங்களில் நின்று நின்று செல்ல வேண்டிய வேலை, இரவு முழுவதும் கொட்டகையில் நின்று மின்னேற்றம் பெற வசதி. மின்சார வண்டிக்கு ஏற்ற வேலையின் இலக்கணம் இதில் அடங்கியிருக்கிறது.

அண்டை நாடான நேபாளத்தின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. காத்மாண்டு பள்ளத்தாக்கில் புகை கக்கிய டீசல் மூன்று சக்கர வண்டிகளில் ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சி 1993-ம் ஆண்டில் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே ‘சஃபா டெம்போ’ எனப்படும் மின்சார வண்டி. சஃபா என்பதற்குத் தூய்மை என்று பொருள். 1999-ம் ஆண்டில் டீசல் டெம்போக்களைப் பள்ளத்தாக்கிலிருந்து அரசு விலக்கிய பின்னர் சஃபா டெம்போக்களின் எண்ணிக்கை 600-க்கு மேல் உயர்ந்தது. பெண்கள் பலர் அவற்றின் ஓட்டுநர்களாயினர். பகலில் மின்னேற்ற நிலையத்தில் தீர்ந்த பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, நிரம்பிய பாட்டரியை ஏற்றிக்கொண்டு சென்றனர்.

ஆனால் அந்த வண்டிகளின் உரிமையாளர்களை வருத்தியதும் பாட்டரிதான். ஈய-அமில பாட்டரியைச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தாங்க இயலாதவர்கள் சோர்ந்தனர். பிற்காலத்தில் சில டெம்போக்களில் லித்தியம் பாட்டரி பொருத்தப்பட்டது. மோட்டாரை வாங்குவதோடு செலவு முடிவதில்லை, பாட்டரியின் ஆயுளே வண்டியின் பொருளாதாரம் என்ற பாடத்தைக் காத்மாண்டு கற்பித்தது.

எடையின் கணக்கு

இந்தியச் சாலைகளில் பெருவாரியாகக் காணப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். 2005-ம் ஆண்டில் வெளிவந்த டாடா ஏஸ், மக்கள் வழக்கில் ‘சோட்டா ஹாத்தி’ அதாவது குட்டி யானை எனப் பெயர் பெற்றது. தொடக்க கால ஏஸ் வண்டியில் சுமார் 700 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரட்டை உருளை டீசல் என்ஜின் இருந்தது. அதன் திறன் 16 குதிரைத் திறன், அதாவது ஏறத்தாழ 12 கிலோவாட். சுமையுடன் மொத்த எடை சுமார் 1,550 கிலோ; ஏற்றும் சரக்கு சுமார் 750 கிலோ.

இத்தகைய வண்டி முழுச் சுமையுடன் சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, சக்கரத்தில் தேவைப்படும் திறன் மூன்றரை கிலோவாட் அளவுதான். மேம்பாலத்தின் சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏழு கிலோவாட் போதும். ஆகையால் 12 முதல் 15 கிலோவாட் வரையுள்ள மோட்டார் நகர வேலைக்குத் தாராளமாகப் போதுமானது. மோட்டார் முதல் சுழற்சியிலிருந்தே முழு இழுவிசையைத் தருவதால், நின்று புறப்படும்போது சிறிய டீசல் என்ஜின் திணறுவது போல அது திணறுவதில்லை. பெரிய மோட்டாரைத் தேடிப் பணத்தைச் செலவிடுவது இந்த வேலையில் பலர் செய்யும் முதல் தவறு.

அடுத்தது பாட்டரி. சுமையோடு நகரில் ஓடும் இத்தகைய வண்டி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.15 யூனிட் மின்சாரத்தைச் செலவிடும் எனக் கொள்ளலாம். 2022-ம் ஆண்டில் அறிமுகமான ஏஸ் மின்சார வண்டியின் பாட்டரி 21.3 யூனிட், சோதனை நிலையில் அதற்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 0.14 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சாலை நெரிசலையும் சுமையையும் எண்ணிப் பார்த்தால் 0.15 என்பது நியாயமான கணக்கு.

நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குத் தேவை பத்தரை யூனிட். ஈய-அமில பாட்டரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் அதன் ஆயுள் விரைவில் குன்றிவிடும். ஆகவே 21 யூனிட் பாட்டரி வேண்டும். ஈய பாட்டரி ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலையே தாங்கும் என்பதால் அதன் எடை சுமார் 600 கிலோ ஆகிவிடும். 750 கிலோ சரக்கு ஏற்றும் வண்டியில் 600 கிலோ பாட்டரியை ஏற்றினால் காய்கறிக்கு இடம் ஏது? வாங்கும்போது மலிவாகத் தோன்றும் பாட்டரி, வண்டியின் பிழைப்பையே தின்றுவிடுகிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியின் நிலை வேறு. அதன் கொள்ளளவில் 80 சதவிகிதம் வரை தினமும் பயன்படுத்தலாம். முதுமையால் குறையும் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 15 யூனிட் போதும். அதன் எடை ஏறத்தாழ 150 கிலோ. வெளியே எடுக்கப்படும் என்ஜின், ரேடியேட்டர், டீசல் தொட்டி, புகைக்குழாய் ஆகியவற்றின் எடை இதற்குப் பெருமளவு ஈடாகும். ஈய பாட்டரி சில நூறு முறைகள் ஆழமாகத் தீர்ந்து நிரம்பினால் தளர்ந்துவிடும். இதுவோ இரண்டாயிரம் முறைக்கு மேல் தாங்கக்கூடியது. உலகச் சந்தையில் லித்தியம் பாட்டரியின் சராசரி விலை 2010-ம் ஆண்டில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. 2024-ம் ஆண்டில் அது 115 டாலராக வீழ்ந்தது. காத்மாண்டு முன்னோடிகளுக்கு எட்டாத இந்த வசதி இன்றைய உரிமையாளருக்கு எட்டுகிறது.

பணத்தின் கணக்கு

இனி வரவு செலவைக் காணலாம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும். இங்குத் தரப்படுபவை கணக்கிடும் முறையை விளக்கும் உத்தேச விலைகளே. பாட்டரி யூனிட்டுக்கு ரூ. 15,000 எனக் கொண்டால் 15 யூனிட்டுக்கு ரூ. 2.25 இலட்சம். மோட்டார், அதன் கட்டுப்பாட்டுக் கருவி, மின்னேற்றி, இணைப்புத் தகடு, கூலி முதலியவற்றுக்கு ரூ. 1.25 இலட்சம். ஆக மொத்தம் ரூ. 3.5 இலட்சம்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பழைய டீசல் வண்டி 70 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 4.7 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் ரூ. 90 என்றால் நாளொன்றுக்கு ரூ. 420. மின்னேற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மின்சாரத்தில் அதே வேலைக்கு 12 யூனிட் செலவாகும். யூனிட் ரூ. 8 வீதம் ரூ. 96. நாள்தோறும் மிச்சம் சுமார் ரூ. 320, ஆண்டில் 300 நாள் ஓடினால் ரூ. 96,000. போட்ட முதல் நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். என்ஜின் எண்ணெய், வடிகட்டி, எரிபொருள் பம்பு ஆகியவற்றின் செலவு மிச்சமாவது தனி.

இதே வண்டி நாளுக்கு 35 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, ஆனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உரிமையாளர் 25 யூனிட் பாட்டரியைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். செலவு ரூ. 5 இலட்சம் ஆகும். ஆண்டு மிச்சமோ ரூ. 49,000 அளவில் நின்றுவிடும். முதல் திரும்பப் பத்து ஆண்டுகள் ஆகும். ஏற்கெனவே முதுமை அடைந்த வண்டியின் சட்டம் அதுவரை தாங்குமா என்பது ஐயம். ஆகவே சிக்கனத்தின் இரகசியம் மலிவான பாகங்களைத் தேடுவதில் இல்லை. வண்டி தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை ஒரு மாதம் குறித்து வைத்து, அந்தத் தூரத்துக்கு அளவான பாட்டரியை வாங்குவதில் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் இந்த மாற்றத்தின் முதல் கருவிகள் எனலாம்.

சுற்றுச்சூழலின் கணக்கையும் மிகைப்படுத்தாமல் கூற வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. 4.7 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 12.5 கிலோ கரியமில வாயு வெளியேறும். 12 யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில் எட்டரை கிலோ அளவில் வெளியேறும். குறைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகப் பெருக இது மேலும் குறையும். ஆனால் குறுகிய தெருக்களிலும் பள்ளி வாயில்களிலும் வண்டி விடும் புகை அன்றே முற்றிலும் நின்றுவிடும் என்பது கண்கூடான நன்மை.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

மாற்றத்துக்கு உகந்ததா என்பதை வண்டியின் சட்டத்தைப் பார்த்தே முதலில் முடிவு செய்ய வேண்டும். துருவேறிய சட்டத்தின்மீது புதிய பாட்டரியை ஏற்றுவது இடிந்த சுவரில் புதிய கதவு மாட்டுவதற்கு ஒப்பாகும். சட்டம், ஸ்பிரிங் பட்டைகள், பிரேக், ஸ்டியரிங் ஆகியவை நல்ல நிலையில் இல்லாத வண்டியை உடைக்கக் கொடுப்பதே சிக்கனம்.

பழைய கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை அதனோடு இணைத்தால் செலவு குறையும். அவ்வாறு செய்யும்போது மோட்டாரின் அச்சும் கியர் பெட்டியின் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். சிறிதளவு விலகினாலும் பேரிங்குகள் சில மாதங்களில் தேய்ந்துவிடும். இணைப்புத் தகட்டைத் துல்லியமான இயந்திரத்தில் கடைய வேண்டும் என்பது இதனால்தான்.

பிரேக் விஷயத்தில் ஏமாறும் அபாயம் அதிகம். வெற்றிட உதவியோடு இயங்கும் பிரேக் உள்ள வண்டிகளில் அந்த வெற்றிடம் என்ஜினின் ஓட்டத்தால் கிடைக்கிறது. என்ஜினை எடுத்தவுடன் அதுவும் போய்விடும். மின்சார வெற்றிட பம்பு ஒன்றைப் பொருத்தாமல் சுமை ஏற்றிச் சாலையில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. முகப்பு விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் ஆகியவற்றுக்கு 12 வோல்ட் தரும் மாற்றி ஒன்றும் வேண்டும்.

60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரம் மனித உடலுக்கு ஆபத்தானது. பாட்டரியைத் துண்டிக்கும் கருவி, உருகி, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மேலாண்மைக் கருவி ஆகியவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது. 2022-ம் ஆண்டில் நாட்டில் மின்சார இருசக்கர வண்டிகள் சில தீப்பற்றியதைத் தொடர்ந்து, பாட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. பழைய பாட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்களை ஒன்றோடொன்று கோத்து மலிவாக விற்பவரிடம் வாங்குவது, மிச்சம் பிடித்த பணத்தைத் தீயில் இடுவதற்குச் சமம்.

சட்டமும் சிறு உரிமையாளரும்

பட்டறையில் வண்டி ஓடிவிட்டால் மட்டும் போதாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மின்சாரத்துக்கு மாற்றும் உபகரணத் தொகுதிகளுக்கான வழிமுறை 2016-ம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. அதன்படி, தொகுதிக்குப் புனேயிலுள்ள இந்திய ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சிச் சங்கம் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். தொகுதியின் தயாரிப்பாளர் அங்கீகரித்த பட்டறையே அதனைப் பொருத்த வேண்டும். பிறகு பதிவு அதிகாரி சான்றிதழில் எரிபொருளை மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். இவை இல்லாமல் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்கும் இடத்தில் உரிமையாளர் தனித்து நிற்க நேரிடும்.

இந்த விதிகள் தேவையற்ற தடைகள் எனச் சிலர் குறை கூறுவதுண்டு. பாட்டரித் தீயின் கொடுமையை அறிந்தவர் அவ்வாறு கூறார். எனினும் ஒரு நியாயமான சிக்கல் இருக்கிறது. சோதனைக்கு ஆகும் செலவு ஒரு வண்டிக்கும் ஆயிரம் வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றே. தனி ஒருவரால் அதனைத் தாங்க இயலாது. ஒரே மாதிரியான ஆயிரம் வண்டிகளுக்குப் பகிர்ந்தால் அது சிறு தொகையாகிவிடும். 20 இலட்சத்துக்கு மேல் விற்பனையான ஏஸ் போன்ற மாதிரிகள் நாட்டில் இருப்பது இவ்வகையில் ஒரு பெரும் வாய்ப்பு. ஒரு மாதிரிக்கு ஒரு தொகுதி, ஒரு இணைப்புத் தகடு, ஒரு ஒப்புதல் என்ற முறையில் எண்ணிக்கை பெருகினால்தான் மாற்றம் மலிவாகும். தனி மனிதரின் கைத்திறனால் ஒரு வண்டி மாறலாம். ஒரு மண்டியின் வண்டிகள் மாறுவதற்கு அமைப்பு வேண்டும்.

செய்ய வேண்டியவை

சிறு உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து ஒரே மாதிரியான வண்டிகளுக்குத் தொகுதிகளை மொத்தமாக வாங்கலாம். வண்டிகளுக்குக் கிடைக்கும் வங்கிக் கடன் வசதி, மாற்றத்துக்கும் கிடைக்க வேண்டும். தெலுங்கானா அரசு 2020-ம் ஆண்டுக் கொள்கையில் ஆட்டோ ரிக்ஷாக்களை மாற்றும் செலவில் 15 சதவிகிதத்தை, வண்டிக்கு ரூ. 15,000 வரம்புக்கு உட்பட்டு, மானியமாக அறிவித்தது பின்பற்றத்தக்க முன்மாதிரி. புதிய மின்சார வண்டிக்கான சரக்கு, சேவை வரி 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. தனியாக வாங்கும் லித்தியம் பாட்டரிக்கோ 2018-ம் ஆண்டு ஜூலையில் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகத்தான் குறைந்தது. பழையதைக் காப்பாற்றுபவருக்குப் புதியது வாங்குபவரைவிட அதிக வரி என்பது பரிசீலனைக்கு உரியது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு நேர் மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்பிக்க வேண்டும். டீசல் என்ஜின் மறையும்போது வேலை இழக்கக்கூடிய மெக்கானிக்குக்கு மறுவாழ்வு தருவதும் இந்த மாற்றமே. பதிவு அலுவலகங்களில், ஒப்புதல் பெற்ற தொகுதியுடன் வரும் வண்டியை அலைக்கழிக்காமல் குறித்த நாட்களுக்குள் பதிவு செய்து தரும் ஏற்பாடும் தேவை. ஒரு நாள் தாமதம் அலுவலகத்துக்கு ஒரு கோப்பு. ஓட்டுநருக்கோ ஒரு நாள் கூலி.

எல்லாப் பழைய வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறத் தக்கவை அல்ல. நெடுந்தூரம் ஓடுபவையும் துருவேறியவையும் விலக்கப்பட வேண்டியவையே. ஆனால் தினமும் ஒரே வழியில், அறிந்த தூரத்துக்கு ஓடி, இரவில் ஒரே இடத்தில் நிற்கும் சிறு சரக்கு வண்டிகள் நாட்டின் ஒவ்வொரு நகரிலும் உள்ளன. அவற்றின் மின்னேற்றத்துக்குப் பெரிய நிலையங்கள்கூட வேண்டியதில்லை; வலுவான 16 ஆம்பியர் இணைப்பு ஒன்றில் நான்கைந்து மணி நேரத்தில் அன்றாடத் தேவைக்கு உரிய மின்சாரம் ஏறிவிடும். இரவில் மண்டியின் ஓரத்தில் நிற்கும் வண்டிக்கு அந்த ஓர் இணைப்பும், அதன் உரிமையாளருக்கு ஒரு நியாயமான கடனும், பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்தும் காலத்தில் கிடைக்குமானால், அந்தப் பழைய வண்டி மறுநாள் விடியலில் புகையின்றிப் புறப்படும்.